பட்டறைப் பக்கம்: சும்மா கிடைத்த படகு

போன இதழில் ஃபைபர் வேலையை (கண்ணாடி நாரும் ரெசின் என்கிற பசையும் சேர்த்துச் செய்வது) பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், படகுக் கேள்விகளாக வந்து குவிந்துவிட்டன. தூத்துக்குடியில் ஆறு வருடம், அப்புறம் சார்ஜாவில் ஒரு படகுத் தளத்தில் பதினோரு வருடம் கையில் ரோலரோடு நின்றவன் என்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த முறை நாலு கடிதம்தான் எடுத்தேன். முதல் கடிதத்துக்கே பாதிப் பக்கம் போய்விட்டது.

ஸ்கார்பரோ, கனடா: அண்ணை, என்னோட வேலை செய்யிற வயசான மனிசன் ஒருத்தர் தன்ர படகைச் சும்மா தந்தார், டிரெயிலரோட. 17 அடி, 1978ஆம் ஆண்டு அமெரிக்காவில கட்டினது, மெர்க்குரூசர் 140 எஞ்சின். பத்து வருசமாத் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. தரை சில இடத்தில பஞ்சு மாதிரி அமுங்குது, மற்றபடி வடிவாத்தான் இருக்கு. பெயின்ற் அடிச்சு, சீற் மாத்தி, ஜூலையில பிள்ளையளோட ஏரியில இறக்கலாம் எண்டு நினைக்கிறன். மனிசி சிரிக்கிறா. எதில தொடங்கிறது?

தம்பி, முதலில் பெயின்ட் வாங்காதீர்கள், சீட்டும் வேண்டாம். "தரை அமுங்குது, மற்றபடி வடிவாத்தான் இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த "மற்றபடி"க்குள்தான் உங்கள் பணம் முழுக்கப் போகப் போகிறது. மனைவி சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஃபைபர் படகு என்று பெயர்தானே ஒழிய, அந்தக் காலத்து அமெரிக்கப் படகுகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இருப்பது மரம். தரை பிளைவுட். தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்டிரிங்கர்கள் மரம். எஞ்சினைத் தாங்கும் பின்சுவர், அதாவது டிரான்ஸம், அதுவும் பிளைவுட்டை ஒன்றோடொன்று ஒட்டி மேலே மேட்டும் (கண்ணாடி நார்ப் பாய்) ரெசினும் போட்டு மூடியதுதான். கண்ணாடி நார் மக்காது, உள்ளே இருக்கும் மரம் மக்கும். யாரோ ஒரு புண்ணியவான் தூண்டில் கம்பு சொருகும் குழாயை மாட்ட நாலு ஸ்க்ரூ அடித்திருப்பான், ஓட்டையில் ஒரு சொட்டு சீலண்ட்கூட வைத்திருக்க மாட்டான், அந்த வழியாக இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நாற்பது வருடமாக உள்ளேயே உட்கார்ந்து மரத்தைத் தின்றுகொண்டிருக்கும். தார்ப்பாய் மழையைத் தடுத்திருக்கும், சரி, ஆனால் காற்று போகாமல் இறுக்கி மூடிய படகு வெயில் நாளில் இட்லிப் பானைதான்.

ஆகவே முதல் வேலை தட்டிப் பார்ப்பது. ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடி போதும். டிரான்ஸத்தின் மேல் ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு வீதம் கீழே வரை வாருங்கள். நல்ல இடம் "டக், டக்" என்று திடமாகத் திருப்பிச் சொல்லும். மக்கின இடம் "தொப்" என்று, நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியது மாதிரி இருக்கும். சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, உள்பக்கத்திலிருந்து 6 மில்லிமீட்டர் டிரில் போடுங்கள், மறுபக்கம் ஓட்டை விழ விடாமல். முதலில் வெள்ளையாக ஃபைபர் தூள் வரும், அது எல்லாப் படகிலும் வரும். அடுத்து வருவதைத்தான் பார்க்க வேண்டும். வெளிர் மஞ்சள் மரத்தூள் உலர்ந்து உதிர்ந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. டிகாக்‌ஷன் போட்டு முடித்த காபித்தூள் மாதிரி கறுப்பாக, ஈரமாக டிரில்லில் சுற்றிக்கொண்டு வந்தால் மரம் போய்விட்டது. கூடவே தண்ணீரும் ஒழுகினால் மேலே யோசிக்கவே வேண்டாம். தரைக்கு அடியில் ஸ்டிரிங்கரிலும் இதே மாதிரி பார்க்க வேண்டும், எஞ்சின் உட்காரும் இடத்தில் கட்டாயம்.

சார்ஜாவில் ஒருவர் தன் 24 அடிப் படகைக் கொண்டுவந்தார். சீட் எல்லாம் புதுசு, வெளியே கண்ணாடி மாதிரி பாலிஷ், ஸ்டீரியோ வேறு. எஞ்சினை மாற்ற மட்டும் வந்தவர். செயினில் தூக்கப் போட்டு போல்ட்டைக் கழற்றினோம், போல்ட் வெளியே வரும்போது கூடவே ஒரு கைப்பிடி மக்கின மரமும் வந்தது, களிமண் மாதிரி. டிரான்ஸம் முழுக்க அப்படித்தான். அழகாகப் போட்டிருந்த அந்த சீட்டையும் தரையையும் எல்லாம் பிய்த்துப் போட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க முடிந்தது. அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

தட்டியதில் மரம் போய்விட்டது என்று தெரிந்தால் (போயிருக்கும், தரை அமுங்குகிறதே), ஆத்திரப்பட்டு ரம்பத்தை எடுக்காதீர்கள். படகின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தத் தரையும் ஸ்டிரிங்கரும்தான், இரண்டையும் மொத்தமாக எடுத்துவிட்டால் அடிப்பாகம் டிரெயிலர் மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அப்படியே வளைந்துவிடும், வளைந்த நிலையிலேயே புதுத் தரையும் போட்டு ஒட்டிவிட்டீர்களானால் அந்த வளைவு ஆயுளுக்கும் போகாது, படகு ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் முதலில் அடியில் நாலைந்து இடத்தில் மரக்கட்டை கொடுத்து நன்றாகத் தாங்க வையுங்கள், மட்டம் பாருங்கள். எதைக் கழற்றினாலும் கழற்றும் முன் போட்டோ, அளவு. தரையை வெட்டும்போது ரம்பத்தின் ஆழத்தை பிளைவுட் கனத்துக்கு மட்டும் வைத்து, ஓரத்தில் நாலு விரல் அகலம் விட்டு வெட்டுங்கள், புதுத் தரை உட்கார அது வேண்டும். ஸ்டிரிங்கரை ஒன்றை எடுத்து, புதுசு போட்டு, இறுகிய பிறகுதான் அடுத்தது.

தரையைத் திறந்ததும் மஞ்சள் ஃபோம் தெரியும். மண்வெட்டியால் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கையால் பிழியுங்கள். சொட்டினால் அத்தனையும் வெளியே. நனைந்த ஃபோம் கல் மாதிரி கனக்கும், இந்த அளவுப் படகில்கூட நூற்றுக்கணக்கான கிலோ தண்ணீர் ஒளிந்திருக்கலாம். ஆனால் ஒன்று, ஃபோம் தொல்லை பிடித்தது என்று அதைப் போடாமலே மூடிவிடுகிறார்கள் சிலர். செய்யாதீர்கள். படகில் தண்ணீர் புகுந்தாலும் மூழ்கிப் போகாமல் மிதக்க வைப்பது அதுதான், பிள்ளைகளோடு போகிறேன் என்கிறீர்கள்.

டிரான்ஸம் போடும்போது கனம் மாறக் கூடாது. உங்கள் மெர்க்குரூசரின் பின்பாகம் உட்கார டிரான்ஸம் 2 அங்குலத்திலிருந்து 2¼ அங்குலத்துக்குள், மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக இருக்க வேண்டும். கூடக்குறைய இருந்தால் சீல் உட்காராது. மெரைன் பிளைவுட் போடுங்கள், ரெசின் எபாக்ஸி வகையாக இருக்கட்டும், வெட்டிய ஓரம் அத்தனையும் ரெசின் குடிக்க விடுங்கள். இனிமேல் எங்கே ஸ்க்ரூ போட்டாலும் பெரிய ஓட்டையாகப் போட்டு, எபாக்ஸியால் அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவில் சின்ன ஓட்டை. இந்த ஒரு பழக்கம் முதலிலேயே இருந்திருந்தால் நீங்கள் எனக்குக் கடிதமே எழுதியிருக்க வேண்டாம். உங்கள் ஊர்க் குளிரில் ரெசின் இறுகாமல் பிசுபிசுவென்றே இருக்கும், 15 டிகிரிக்குக் கீழே வேலை வேண்டாம்.

இதெல்லாம் ஆரம்பிக்கும் முன்னாலேயே எஞ்சினைப் பார்த்துவிடுங்கள், நான் எழுதிய வரிசைதான் தப்பு. அந்த எஞ்சினில் ஏரித் தண்ணீர்தான் நேராக உள்ளே ஓடிக் குளிரூட்டும். குளிர்காலத்துக்கு முன் அதை வடிக்காமல் விட்டிருந்தால் தண்ணீர் உறைந்து, விரிந்து, எஞ்சினின் இரும்பு உடம்பான பிளாக்கே வெடித்திருக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் நீளமாக ஒரு துருக்கோடு ஓடுகிறதா பாருங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள், பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பிளாக்கும் போய், டிரான்ஸமும் போய், ஸ்டிரிங்கரும் போயிருந்தால் என் யோசனை ஒன்றுதான்: டிரெயிலரை வைத்துக்கொண்டு படகை விட்டுவிடுங்கள். சும்மா கிடைத்ததில் விலை மதிப்புள்ளது பல சமயம் டிரெயிலர்தான்.

எஞ்சின் நன்றாக இருந்தால், வெளியே தண்ணீர் உள்ளே வராமல் மூடும் ரப்பர் உறையான பெல்லோஸையும் தண்ணீர் பம்ப்பின் உள்ளே சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் கார் கடையில் விலை குறைவாகக் கிடைக்கும், பார்க்கவும் அதே மாதிரிதான் இருக்கும், வாங்கவே கூடாது. படகுக்கென்று செய்வதில் உள்ளே பொறி பறந்தாலும் வெளியே இருக்கும் பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்காத மாதிரி மூடியிருப்பார்கள். காரில் ஆவி கீழே இறங்கிக் காற்றோடு போய்விடும். படகில் அடியிலேயே தேங்கும். ஸ்டார்ட் செய்யும் முன் ஆவியை வெளியே தள்ளும் விசிறியை, அதாவது ப்ளோயரை, நாலு நிமிடம் ஓட விடச் சொல்வதும் இதற்காகத்தான்.

காகித வேலையும் உண்டு. சும்மா கொடுத்தாலும் கொடுத்தவரிடம் கையெழுத்துப் போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், 10 குதிரைசக்திக்கு மேல் எஞ்சின் என்பதால் லைசென்ஸ் எடுக்க உரிமையைக் காட்ட வேண்டும். பின்சுவரின் வலது மேல் மூலையில் 12 எழுத்தில் ஒரு எண் பொறித்திருக்கும், அமெரிக்காவில் 1972 நவம்பரிலிருந்து கட்டாயமாக்கினார்கள். முதல் மூன்று எழுத்து யார் கட்டியது என்று சொல்லும், கடைசி நாலு எப்போது என்று சொல்லும். 1978 என்று அவர் சொன்னது சரியா என்று பார்த்துக்கொள்ளலாம். ஜூலை கேட்டீர்கள். ஜூலைதான், எந்த வருடத்து ஜூலை என்று மட்டும் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.

நாகப்பட்டினம்: அண்ணே, சுனாமி முடிஞ்ச அடுத்த வருசம் தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்த ஃபைபர் படகு, இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கோம். அணியத்துக்கு (படகின் முன்முனை) பக்கத்துல வருசா வருசம் அதே இடத்துல விரிசல் விடுது. மேட் வச்சு ஒட்டுறோம், ஆறு மாசத்துல தோல் மாதிரி உரிஞ்சி வருது. ரெசின் சரியில்லையா, ஆள் சரியில்லையா?

ரெண்டும் இருக்கலாம், ஆனால் உரிந்து வருகிறது என்றால் பெரும்பாலும் அடியில் தேய்க்காததுதான். பெயின்ட் மேலேயும், உப்பு ஏறின ஃபைபர் மேலேயும் ரெசின் பிடிக்காது, சும்மா உட்கார்ந்திருக்கும். நல்ல தண்ணீரில் ரெண்டு மூன்று தடவை கழுவி, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, அப்புறம் கிரைண்டரால் பெயின்ட், பட்டி, பழைய ஒட்டு எல்லாம் போய் உயிர் ஃபைபர் தெரியும் வரை தேயுங்கள். விரிசல் இருக்கும் கோட்டை மட்டும் தேய்த்தால் போதாது. ஃபைபர் 6 மில்லிமீட்டர் கனம் என்றால் விரிசலிலிருந்து இரண்டு பக்கமும் 7 சென்டிமீட்டர் வரைக்கும் சரிவாக இழைத்துக்கொண்டு போக வேண்டும், கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அந்தச் சரிவில்தான் புது மேட் பழசோடு கைகோக்கும். ஒட்டு உள்ளேயும் வேண்டும், வெளியேயும் வேண்டும்.

இன்னொன்று, விரிசலின் முகத்தைப் பாருங்கள். நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளியிலிருந்து நாலு பக்கமும் ஓடினால் அங்கே எதிலோ மோதியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் கோடு கோடாக ஓடினால் அந்த இடம் அலையில் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. வருடாவருடம் அதே இடம் என்கிறீர்கள், ஆகவே உங்களுடையது இரண்டாவது ரகம் என்றுதான் தோன்றுகிறது. அதற்கு மேல் எத்தனை மேட் ஒட்டினாலும் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி விடும். உள்பக்கம் குறுக்கே வங்கு (படகின் விலாச்சட்டம்) மாதிரி ஒரு தாங்கல் கொடுத்து, அதன் மேல் மேட்டும் ரோவிங்கும் (கண்ணாடி நாரால் நெய்த துணி) போட்டு அடித்தளத்தோடு சேர்க்க வேண்டும். பலகை முனை நேராக ஃபைபரில் குத்தி நின்றாலும் அந்த முனையிலேயே விரிசல் விடும், முனையை இழைத்துச் சரிவாக்கச் சொல்லுங்கள்.

படகு ஒழுங்காகக் கட்டியதுதானா என்று ஒரு சந்தேகம் உங்களுக்குள் இருக்கும், கேட்காமல் விட்டிருக்கிறீர்கள். 2005இல் அத்தனை படகு ஒரே நேரத்தில் வேண்டியிருந்தது, ஃபைபர் வேலை பார்த்தே இராதவர்கள்கூடக் கொட்டகை போட்டார்கள், நல்ல படகும் வந்தது, மேட்டைக் குறைத்து சாக் பவுடரைக் கூட்டின படகும் வந்தது. பார்க்க வழி இருக்கிறது. தேய்க்கும்போது எப்படியும் ஒரு காசு அளவுக்குத் துண்டு கிடைக்கும். அதை இடுக்கியில் பிடித்து, காற்று படும் இடத்தில், புகை முகத்தில் அடிக்காதபடி நின்று நன்றாக எரியுங்கள். ரெசின் எரிந்து போய் கண்ணாடி நார் மட்டும் வெள்ளையாக அடுக்கடுக்காக மிஞ்சும், ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்தால் எத்தனை மேட், எத்தனை ரோவிங் என்று எண்ணிவிடலாம். அடுக்கு குறைவாகவும் வெள்ளைப் பொடி நிறையவும் கொட்டினால் புரிந்துகொள்ளுங்கள்.

அளவும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ மேட்டுக்கு ரெண்டிலிருந்து ரெண்டரை கிலோ ரெசின், ரோவிங்குக்கு எடைக்கு எடை. நிறைய ரெசின் ஊற்றினால் பலம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள், கனம்தான் கூடும், பலம் கூடாது, வெறும் ரெசின் அப்பளம் மாதிரி நொறுங்கும். ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு. மே மாத நாகப்பட்டினத்துக்கு ஒன்று போதும். ஒருமுறை தூத்துக்குடியில் நேரமாகிவிட்டதே என்று ஒரு வாளி ரெசினில் கண் அளவில் ஊற்றிவிட்டேன், ரோலரை எடுக்கத் திரும்புவதற்குள் வாளி புகைந்து, உருகி, தரையோடு ஒட்டிக்கொண்டது. அன்றைய கூலி வாளிக்கே போயிற்று.

பருத்தித்துறை: படகின் அடியில் கொப்புளம் கொப்புளமாக வந்திருக்கிறது, குத்தினால் நாற்றமான தண்ணீர் வருகிறது. பழைய ஆட்கள் "சீநோர் படகில் இப்படி வந்ததில்லை" என்கிறார்கள். படகு முடிந்ததா?

முடியவில்லை. காரைநகரில் சீநோர் நிறுவனம் கட்டிய படகுகளைப் பற்றி அங்கிருந்து வந்தவர்கள் இன்றைக்கும் பெருமையாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், நான் பார்த்ததில்லை என்பதால் அந்தச் சண்டைக்குள் வரவில்லை. கொப்புளம் விஷயம் இதுதான்: படகின் வெளித்தோலான ஜெல் கோட் முழுக்கத் தண்ணீர் புகாத பொருள் இல்லை. ஓயாமல் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி உள்ளே போய், ரெசினில் கரையக்கூடியதைக் கரைத்து, கரைத்த தண்ணீர் இன்னும் தண்ணீரை இழுத்து, ஜெல் கோட்டைத் தூக்கிவிடும். அதுதான் அந்த வினிகர் மாதிரி நாற்றம். தினமும் கரையில் இழுத்துப் போடும் படகில் இது குறைவு. குத்தும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே அழுத்தத்தோடு இருக்கும், முகத்தில் பீய்ச்சும்.

எல்லாவற்றையும் திறந்து தேய்த்து, நல்ல தண்ணீரில் பல நாள் திரும்பத் திரும்பக் கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டு, எபாக்ஸி பட்டி வைத்து, மேலே எபாக்ஸி அஞ்சாறு கோட். சாதா பாலியெஸ்டர் பட்டி வைத்தால் மறுபடி ஊறும். இனிப் புதுப் படகு கட்டினால் வெளி அடுக்குக்காவது ஜிபி என்கிற சாதா ரெசின் வேண்டாம், தண்ணீரை அதிகம் தாங்கும் ஐசோ ரெசின் கேளுங்கள். கொப்புளத்தால் மூழ்கின படகை நான் பார்த்ததில்லை, ஆகவே இந்த சீசன் தொழிலை நிறுத்த வேண்டாம். கையில் இருக்கும் பணம் எஞ்சினுக்கா இதற்கா என்று வந்தால் எஞ்சினுக்கே போடுங்கள்.

தூத்துக்குடி: என் பையன் ஃபைபர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாதம் ஆகிறது. ராத்திரி முழுக்க உடம்பைச் சொறிகிறான், தூங்குவதில்லை. வேலையை விட்டுவிடச் சொல்லவா?

அம்மா, அந்த அரிப்பை நானும் அனுபவித்திருக்கிறேன், கண்ணாடி நார் நுணுக்கி நுணுக்கித் தோலில் குத்துவதுதான். வந்ததும் வெந்நீரில் குளிக்கிறானா? அதை நிறுத்துங்கள். சூட்டில் அரிப்பு இன்னும் கூடும். முதலில் தேய்க்காமல் பச்சைத் தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிவிட்டு, அப்புறம் சோப்பு. கிரைண்டர் பிடிக்கும் நாளில் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டு, கையிலும் கழுத்திலும் முதலிலேயே முகப்பவுடர் பூசிக்கொள்ளச் சொல்லுங்கள். கைக்குட்டையை மூக்கில் கட்டுவது வேலைக்கு ஆகாது, தூசுக்கு ஒழுங்கான மாஸ்க், ரெசின் வேலைக்கு ஆவியை உறிஞ்சும் வடிகட்டி வைத்த மாஸ்க். முதலாளி தரவில்லை என்றால் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

அரிப்பைவிட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பட்டறையில் ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் பாட்டில், ஹார்ட்னர் பாட்டில் என்று ரெண்டு இருக்கும். கோபால்ட்டை ரெசினில் முதலில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்ட்னர். ரெண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே மூடியில் ரெண்டையும் அளப்பதும், ரெண்டு பாட்டிலையும் ஒட்டி ஒட்டி வைப்பதும் கூடாது. ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம், பட்டால் அந்த நிமிடமே கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதை அவனிடம் யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லை என்றான் என்றால் வேலையை விடச் சொல்ல வேண்டாம், பட்டறையை மாற்றச் சொல்லுங்கள். அவன் வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், அடுத்து நீங்களும் சொறிய ஆரம்பிப்பீர்கள்.